கை இல்லாத பாடகன்

முதலில் வரைந்தது அட்டையை.
கொழுந்து நிறுத்த துண்டின் பின்பக்கம்,
ஒரு வளைவு, இரண்டு கண்.
கை வைக்கவில்லை. எனக்குக் கை வரைய வராது.
"மைக்கைப் பிடிக்க அதுக்கு ரெண்டு பக்கமும் வாய் இருக்கே"
என்றாள் ஜெனிட்டா.

தாளத்துக்குக் கொழுந்துக்கூடை.
கிட்டாருக்கு முள்ளம்பன்றி, தன் முள்ளையே மீட்டும்.
பேஸ் வாசிப்பது மூடுபனி,
அதை வரையவே வேண்டாம்,
தாளைச் சும்மா விட்டால் போதும்.
குழுவுக்குப் படங்கு என்று பேர் வைத்தோம்.
இடுப்பில் கட்டினால் நனையாது என்பார்கள்,
நனையும்.

தலவாக்கலை பஸ் தரிப்பிடத்துக்கு மேலே
விமலேந்திரனின் ஃபோன் திருத்தும் கடை.
கதவைச் சாத்திவிட்டு ஒன்பது மணிக்குப் பதிவு.
மழை வந்தால் நிறுத்துவது என்று முடிவு.
இந்த ஊரில் அப்படி நிறுத்தினால்
பாட்டே வந்திராது.
ஆகவே முதல் தொகுப்பு முழுக்க மழை.
கொழும்பிலிருந்து ஒருவர் கேட்டிருந்தார்,
அந்த இரைச்சலை எந்த மென்பொருளில் செய்தீர்கள் என்று.
விமல் பதில் போட்டான்:
தகரம், பத்தடி, துருப்பிடித்தது.

அட்டையை ஆம்பிளை என்றே ஊர் நம்பியது.
ஜெனிட்டாவின் குரலை நாலு படி இறக்கியிருந்தான்,
அண்ணன்மாருக்குத் தெரியக் கூடாதென்று.
அவர்களோ அவளையே பின்சீட்டில் வைத்து
ஆட்டோவில் அந்தப் பாட்டை அலறவிட்டார்கள்.
"பாடுறான் பாரு, ஆம்பிளை!" என்றாராம் ரொபட் அண்ணன்.
அவள் வெளியே பார்த்துக்கொண்டு வந்தாளாம்.

இரண்டாவது தொகுப்புக்கு அரைப்பேர் என்று தலைப்பு.
கிலோ குறைந்தால் அரைப்பேர்.
பகலில் அதைத் துண்டில் எழுதுகிறவன் நான்.
இரவில் அட்டை பாடும்:
நான் குடிச்சது கொஞ்சம்
கணக்கு என் பேர்ல அதிகம்.
சம்பளம் கேட்டு ரோட்டில் உட்கார்ந்த வாரம்
அந்த இரண்டு வரியும் பதாகையில் ஏறின.
பக்கத்தில் என் அட்டை.
யாரோ அதற்குக் கை போட்டிருந்தார்கள்,
இறுக்கிய கை, ஐந்து விரலும் பிசகாமல்.
படம் எடுத்து வைத்துக்கொண்டேன்.

மூன்றாவதைப் பற்றிப் பேச வேண்டாம்.
பிஸ்கட் கம்பனிக் காசு.
முள்ளை மழுக்கச் சொன்னார்கள், மழுக்கினேன்.
ஆறு காதல் பாட்டு,
ஒன்றில்கூடக் குளிர் இல்லை.

பிறகு அவள் ஜோர்தானுக்குத் தைக்கப் போனாள்.
விடுதிக் கட்டிலில், போர்வைக்குள் தலையை விட்டு,
இரண்டு மணிக்குப் பாடி அனுப்புவாள்.
காய்ந்த குரல். பின்னால் எதுவுமே இல்லை.
விமல் தகரத்தடியில் ஃபோனை வைத்து
மழையைத் தனியாகப் பிடித்து
அவள் மேல் பரப்பினான்.
அதைக் கேட்டுவிட்டு மூன்று நாள்
அவளிடமிருந்து ஒரு சொல் வரவில்லை.

மின்சாரம் போய்ப் போய் வந்த வருடத்தில்
பட்டரி நாற்பது நிமிடம் நிற்கும்,
தொகுப்பும் அவ்வளவுதான்.
மை கிடையாது, தாள் யானை விலை.
அதன் படங்களில் எல்லாம்
மூடுபனி மட்டும் நின்று வாசிக்கிறது.
பார்த்தவர்கள் துணிச்சல் என்றார்கள்.

பத்தாம் வருடம்.
அட்டைக்கு ஒரு சுருக்கம் விழவில்லை.
ஜெனிட்டா திரும்பியிருந்தாள்,
குரல் தானாகவே இரண்டு படி இறங்கியிருந்தது.
மிச்சம் இரண்டை இறக்கப் போன விமலின் விரலை
அவள் விலக்கினாள். "இப்பிடியே போகட்டும்."
போனது.
வெள்ளிக்கிழமை ஆட்டோவில் ரொபட் அண்ணன்
கொஞ்சம் கேட்டுவிட்டு அணைத்தாராம்.
"பழைய அட்டை இல்ல இது.
யாரோ பொம்பளையப் போட்டுட்டானுங்க."
பின்சீட்டிலிருந்து அவள் சொன்னாளாம்,
"திருப்பிப் போடுங்க, முழுசாக் கேளுங்க."

மைக்கை இனி கையால் பிடிக்கட்டும் என்கிறாள்.
பழைய ஃபோனைக் கிளறி
அந்தப் பதாகைப் படத்தை எடுத்து வைத்திருக்கிறேன்.
முகம் தெரியாத ஒருவர் போட்ட கை.
பார்த்துப் பார்த்து
ஒவ்வொரு விரலாக விரிக்கிறேன்.
நாலு வந்துவிட்டது.